கோட்டு மாட்ட வைத்த பாட்டு

ஆர்லோ டெட்மர் கட்டிய பாட்டுகளில் அமெரிக்கா முழுக்கப் பரவியது ஒன்றே ஒன்றுதான். ரத்தத்தைச் சுண்டவைத்து எழுதினான் என்று பத்திரிகைக்காரர்கள் பின்னால் எழுதினார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பன்றி வறுவலும் மக்காச்சோளமும் ஒரு பிடி பிடித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்தபோது வந்த மெட்டு அது.

அப்போது அவன் அயோவாவில், ஸ்பூன் ஏரிக் கரையில் இருந்த நடனக் கொட்டகையில் வாத்தியக் குழு நடத்திக்கொண்டிருந்தான். வயலினை மோவாயில் இடுக்கிக்கொண்டு, வில்லாலேயே மற்றவர்களுக்குத் தாளம் காட்டுவான். அதற்கு முன்பு பால் வண்டி ஓட்டியவன். அவன் மெட்டெல்லாம் குதிரை நடைக்கு ஏற்றபடி இருக்கும் என்று குழுவிலேயே கேலி உண்டு.

நடனம் என்றால் கடைசி ஆட்டம் வால்ட்ஸ்தான். அதற்கு முன்னால் யார் யாரோடு குதித்தாலும் கணக்கில்லை. கடைசி வால்ட்ஸை எந்தப் பெண் எந்தப் பையனோடு சுற்றுகிறாளோ, அவன்தான் அவளைத் தன் மோட்டாரில் வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். அதனால் அந்த மெட்டு ஆரம்பித்த உடனே பையன்கள் பாய்வார்கள், அம்மாக்கள் கைப்பையை மூடுவார்கள், கிழவர்கள் தொப்பியைத் தேடுவார்கள். எல்லாக் குழுக்களும் ஒரே பழைய வால்ட்ஸைத்தான் வாசித்தன. அது ஆர்லோவுக்கு அலுத்துவிட்டது. தனக்கென்று ஒன்று கட்டினான்.

அதற்கு இரண்டு பாதி. முன்பாதி, விளக்கைக் குறை, கோட்டை எடு, உன் வீட்டு வழியெல்லாம் நிலா நிற்கிறது என்று போகும். பின்பாதிக்கு மெட்டே வேறு. கூட்டம் போன பிறகு வெறுந்தரையில் கிடக்கும் ரிப்பன் யாருடையது, ஒற்றைக் கையுறை யாருக்காகக் காத்திருக்கிறது என்று கேட்கும். ஆர்லோவுக்கு உயிர் பின்பாதியில்தான். முன்பாதி அதற்குப் போட்ட வாசற்படி மாதிரி.

முதல் தடவை வாசித்த அன்று, முன்பாதி முடிந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டு பின்பாதியில் இறங்கினான். முடித்துக் கண்ணைத் திறந்தான். கொட்டகையில் ஓர் ஆள் இல்லை. வெளியே ஒரு மோட்டார் இல்லை. வேலியில் கட்டியிருந்த ஒரு கழுதைகூட முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டிருந்தது.

"பாஸ், தீப்பிடிச்சிருச்சோ?" என்று டிரம் அடிக்கும் பிங்க்கி ஸ்வோபோடா மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

கொட்டகைக்காரி திருமதி பாஷ் சமையலறையிலிருந்து ஓடிவந்தவள், வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்ப்பா ஆர்லோ, என்னய்யா பண்ணின? எப்பவும் கடைசியில நாலு பேரைக் கழுத்தைப் பிடிச்சுத்தானே தள்ளுவேன்! இன்னைக்கு ஒருத்தன்கூடச் சண்டை போடலியே! உடம்பெல்லாம் நடுங்குதுப்பா எனக்கு!"

மறுநாள் ஷெரீப்பே தேடிவந்து கை குலுக்கினார். வண்டி நிறுத்தும் வயலில் அடிதடி இல்லாமல் ஒரு சனிக்கிழமை கழிந்தது அவருடைய உத்தியோகத்தில் அதுவே முதல் தடவை.

அப்புறம் அந்தப் பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. சிகாகோவில் அச்சுப் போட்டார்கள். இசைத்தட்டு வந்தது. மிசிசிப்பி ஆற்றின் இரு கரையிலும் ஒரு குழு பாக்கியில்லாமல் அதை வாசித்துத்தான் நடனத்தை முடித்தது. இசைத்தட்டைப் பெரும்பாலும் வாங்கியவர்கள் குடும்பப் பெண்கள். விருந்தாளிகள் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் அதைப் போட்டுவிடுவார்கள். ஆள் கிளம்பியதும் முள்ளைத் தூக்கிவிடுவார்கள். இசைத்தட்டுக் கடைக்காரர்கள் மட்டும் அதைப் போட்டுக் காட்டாமல் விற்றார்கள். டெவன்போர்ட்டில் ஒருவர் தெரியாத்தனமாகக் காலையில் போட்டுக் காட்டி, கடையிலிருந்த அத்தனை பேரும் வெளியே போய், கடைசியில் அவரும் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஊரிலேயே ஒரு கல்யாணத்தில் மணப்பெண் ஆசையாகக் கேட்டு வாசிக்கச் சொன்னாள். மாப்பிள்ளை பழக்க தோஷத்தில் தொப்பியை எடுத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பெண்வீட்டார் அவனைக் கூட்டிவரப் போனபோது அவன் இரவுச் சட்டையில் கதவைத் திறந்து, "என்ன விசேஷம்?" என்று கேட்டானாம்.

ஆர்லோவுக்குப் பேர் கிடைத்தது. புது வயலின் கிடைத்தது. ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பாட்டு முடியும்போது கைதட்ட ஆள் கிடைக்கவில்லை. பின்பாதி என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. அவன் குழுவே முன்பாதி முடிந்ததும் பெட்டியைத் திறக்க ஆரம்பித்துவிடும். டிராம்போன் வாசிக்கும் லைல் ஒட்டர்மனின் காலை அவன் நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்டித்தான் பின்பாதியை வாசிக்க வைக்க வேண்டியிருந்தது.

"யாராவது ஒருத்தன் உக்காந்து கடைசி வரைக்கும் கேட்டு, ரெண்டு கையையும் சேத்துத் தட்டணும்டா பிங்க்கி. அப்புறம் நான் செத்தாலும் பரவால்ல."

"சாவு வீட்டுல வாசிக்கச் சொல்லுங்க பாஸ். ஒருத்தராவது படுத்த இடத்துலேயே இருப்பாரு."

"அவன் கைதட்டுவானாடா?"

"அதையும் எதிர்பார்த்தா எப்படி பாஸ்?"

இந்தச் சமயத்தில்தான் சிகாகோவிலிருந்து அழைப்பு வந்தது. ஏரியைப் பார்த்து நிற்கும் பெரிய ஹோட்டல் ஒன்று. அதன் நடன மண்டபத்தில் நிரந்தர வேலை. வானொலியில் ஒலிபரப்பு வேறு. ஹோட்டல் மேனேஜர் விட்கோம், கழுத்துப்பட்டை கன்னத்தைக் குத்தும் அளவுக்குக் கஞ்சி போட்ட மனிதர். ஆர்லோவை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார்.

"ப்ளாஜெட் சோப்புக் கம்பெனிக்காரர்தான் நிகழ்ச்சியை நடத்துறார். அவருக்கு ஒரே நிபந்தனை. நிகழ்ச்சி உங்க பேர்போன பாட்டோட ஆரம்பிக்கணும். அது முடிஞ்சதும் கைதட்டல் வானொலியில அதிரணும். அதிர்ந்தா வேலை உங்களுக்கு. அதிரலைன்னா நீங்க திரும்ப அயோவாவுக்கே போகலாம்."

ஆர்லோ நாற்காலி நுனிக்கு வந்தான். "பேர்போன பாட்டுன்னா... எது சார்?"

"உங்களுக்கு ரெண்டு இருக்கா?"

"அதை முதல்ல வாசிக்கக் கூடாது சார். அது கடைசிப் பாட்டு. வாசிச்சா எல்லாரும் போயிருவாங்க."

விட்கோம் சிரித்தார். அவர் தினமும் சாயங்காலமே தன் வீட்டுக்குப் போய்விடுகிறவர். தன் மண்டபத்தில் கடைசிப் பாட்டு என்று ஒன்று வாசிக்கப்படுவதை அவர் பார்த்ததே இல்லை. "மிஸ்டர் டெட்மர், உங்க ஊர்ல காலையில மாடு கறக்கணும், அதனால போறாங்க. இது சிகாகோ. இங்க யாரும் வீட்டுக்குப் போறதுக்காக வர்றதில்ல."

குழு முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்திருந்தது. லைல் தன் சவரக் கடை நாற்காலியையே விற்றுவிட்டு வந்திருந்தான். வேண்டாம் என்று சொல்ல ஆர்லோவுக்கு வாய் வரவில்லை. தவிர, உள்ளுக்குள் ஒரு சபலமும் இருந்தது. பட்டணத்து ஆட்களாயிற்றே, ஒருவேளை உட்கார்ந்து கேட்டுவிட்டால்?

அன்று சாயங்காலம் மண்டபம் நிறைந்து வழிந்தது. முத்து மாலைகள், வாலுள்ள கறுப்புக் கோட்டுகள், மேஜை மேஜையாகச் சிப்பிக் கறி. விட்கோம் மனைவியோடு முதல் மேஜையில் இருந்தார். மைக்குக்குப் பின்னால் அறிவிப்பாளர் பல்லெல்லாம் தெரிய நின்றார். பக்கத்து அறையில் காதுக் கருவி மாட்டிய வானொலிக்காரர் விரலைத் தூக்கினார். ஆர்லோ வில்லைத் தூக்கினான்.

முதல் வரியிலேயே தூரத்து மேஜையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

பிங்க்கி பல்லைக் கடித்துக்கொண்டு, "பாஸ், ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

"பாக்காதே. அடி."

சத்தமாக வாசித்துப் பார்த்தார்கள். நாற்காலிகள் இன்னும் சத்தமாக நகர்ந்தன. ஆர்லோ வேகத்தைக் கூட்டினான். ஜனங்கள் நடப்பதை விட்டு ஓட ஆரம்பித்தார்கள். பயந்துபோய் வேகத்தைக் குறைத்தான்; அப்போதும் போனார்கள், ஆனால் மரியாதையாகப் போனார்கள். ஒரு பெரியவர் சிப்பியை வாய்வரை கொண்டுபோனவர், அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். பரிமாறுகிறவர்கள் ஏப்ரனை அவிழ்த்தார்கள். வாசலில் கோட்டுகளை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பெண் எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டுத் தன் கோட்டை மாட்டிக்கொண்டாள். அறிவிப்பாளர் மைக்குக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார். வானொலிக்காரர் காதுக் கருவியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கம்பியை மட்டும் பிடுங்காமல் போய்விட்டார்.

ஆர்லோவின் கண் விட்கோம் மேல் இருந்தது. விட்கோம் கொஞ்சம் வெலவெலத்துப்போய் நாலா பக்கமும் பார்த்தார். "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். கத்திக்கொண்டே மனைவியின் தோளில் ரோமப் போர்வையைப் போட்டார். கத்திக்கொண்டே வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

முன்பாதி முடிந்தது. ஆனை புகுந்து போனாலும் கேட்க ஆளில்லாத மண்டபம். மைக் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

"போச்சு" என்றான் லைல். அவன் கால் கட்டியிருந்தது, இல்லாவிட்டால் அவனும் போயிருப்பான். "என் நாற்காலி போச்சு."

ஆர்லோவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆனாலும் வில்லை இறக்கவில்லை. பாதியில் நிறுத்தியதாகப் பேர் வேண்டாம் என்று பின்பாதியில் இறங்கினான். தரையில் கிடக்கும் ரிப்பன் யாருடையது என்று பிங்க்கி, குரலைப் பெருக்கும் தகரக் குழாயை வாயில் வைத்துப் பாட ஆரம்பித்தான். நிஜமாகவே தரையில் ஒரு ரிப்பன் கிடந்தது.

அப்போது பின்பக்கத்துக் கதவு திறந்தது. தலையில் துணி கட்டிய ஏழெட்டுப் பெண்கள், கையில் வாளியும் தரை துடைக்கும் கட்டையுமாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவள் பேர் ஸ்டேசியா. போலந்துக்காரி. கதவு நிலையில் தோள் இடிக்கும் அகலம். அவர்கள் வழக்கம்போல் மண்டபத்தின் மூலைகளுக்குப் பிரிந்து போனார்கள். போய்க்கொண்டே பாடினார்கள்.

பிங்க்கிக்குக் குழாய் கையிலிருந்து நழுவியது. ஆர்லோவின் வில் ஒரு கணம் கம்பியை விட்டு எழும்பி, இறங்க மறந்து நின்றது. உலகத்தில் வாத்தியக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பின்பாதியை, ஏழெட்டுப் பொம்பளைகள் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள். அந்த ஒற்றைக் கையுறை வருகிற இடத்தில் இருவர் இரண்டாம் குரல்கூடப் பிடித்தார்கள். அவர்கள் பாடினதைக் கேட்டபோது, அந்த வரிகளை எழுதினவன் வேறு யாரோ மாதிரி அவனுக்கு இருந்தது.

பாட்டு முடிந்தது. ஸ்டேசியா மேடையைப் பார்த்து, "நல்லாருந்துச்சுப்பா, நேத்து இருந்தவனைவிட நல்லாவே வாசிக்கிற" என்று சொல்லி, துடைப்புக் கட்டையால் வாளியைத் தட்டினாள். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கைதட்டுவது எப்படி? மற்றவர்களும் தட்டினார்கள். வெற்று மண்டபம், உயர்ந்த கூரை, தகர வாளி. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

ஆர்லோ அப்படியே மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

"உங்களுக்கு... இது எப்படித் தெரியும்?"

"தெரியாம? தினமும் இது கேட்டாத்தானே நாங்க உள்ள வருவோம். இது எங்க வேலைப் பாட்டுப்பா. ஆனா இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்? தட்டுகூட இன்னும் காலியாகலை." அவள் சிப்பிக் கறியை முகர்ந்து பார்த்தாள். "ஏதாவது சண்டையா?"

"இதுக்கு முன்னாடி ஒரு பாதி இருக்கு, தெரியுமா?"

"இருக்கா என்ன? நாங்க கேட்டதில்லையே. அதுவரைக்கும் நாற்காலி இழுக்கிற சத்தந்தான் கேக்கும். வாசி பாப்போம்."

ஆர்லோ எழுந்து முன்பாதியை வாசித்தான். பெண்கள் கட்டையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். விளக்கைக் குறை என்கிற வரி வருவதற்குள் இரண்டு பேர் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சால்வையைத் தேட ஆரம்பித்தார்கள்.

"நிறுத்துப்பா, நிறுத்து!" என்று ஸ்டேசியா கையை ஓங்கினாள். "ஏய் மரிஷ்கா, எங்கடி போற? மூணு மாடி பாக்கி இருக்கு! என்ன பாட்டுப்பா இது, காலைப் பிடிச்சு இழுக்குதே! இதை யாராவது வாசிப்பாங்களா? இதை வெட்டி எறிஞ்சிட்டு அந்த இன்னொண்ணையே வாசி."

அவள் சொல்லி முடிக்கவும் மேடை ஓரத்து டெலிபோன் அலறவும் சரியாக இருந்தது. எடுத்தால் விட்கோம்.

"டெட்மர்! நான் என் வீட்டுல நிக்கிறேன்! கையில தொப்பி இருக்கு! நான் எப்படி இங்க வந்தேன்?"

"நடந்து போனீங்க சார். மேடம்கூட."

"அது கிடக்கட்டும். ப்ளாஜெட் இப்பத்தான் கூப்பிட்டார். வானொலியில இந்த மாதிரி ஒரு கைதட்டலை அவர் ஆயுசுல கேட்டதில்லையாம். கூட்டமே சேர்ந்து பாடுச்சாமே! அவர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போய் இன்னும் வெளிய வரலியாம். எவ்வளவு கூட்டம்ய்யா அங்க?"

வீட்டில் இருந்தபடி வானொலி கேட்டவர்களுக்குப் போவதற்கு வேறு வீடு இல்லை அல்லவா? அதனால் அவர்கள் மட்டும் உட்கார்ந்து முழுதும் கேட்டுவிட்டிருந்தார்கள்.

ஆர்லோ மண்டபத்தைப் பார்த்தான். "நல்ல கூட்டம் சார். வேலை தெரிஞ்ச கூட்டம்."

"நாளையிலிருந்து வேலை உங்களுக்குத்தான். அதே மாதிரி தட்டணும்!"

ஆர்லோ டெலிபோனை வைத்தான். லைலின் காலை அவிழ்த்துவிட்டு, குழுவைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னான். "பின்பாதியை எவனும் கேட்டதில்ல. கேட்காத மெட்டுக்கு எவன் தொப்பியைத் தேடுவான்? நாளைக்கு முன்பாதியைத் தொடவே மாட்டோம்."

"அப்ப கடைசியில கூட்டத்தை எப்படி அனுப்புறது பாஸ்?" என்றான் பிங்க்கி.

"கடைசியில முன்பாதி. ஆரம்பத்துல பின்பாதி. அவ்வளவுதான்."

மறுநாள் சாயங்காலம் மண்டபம் மறுபடி நிறைந்தது. முந்தின நாள் சிப்பியை விட்டுப் போன பெரியவர் அதே மேஜையில் இருந்தார். விட்கோம் எழுந்து போகாதபடி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார். ஆர்லோ பின்பாதியை எடுத்தான்.

ஒருத்தரும் எழுந்து கோட்டைத் தேடவில்லை. எழுந்தவர்கள் ஆடத்தான் எழுந்தார்கள். ஆடாதவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். முடிந்ததும் மண்டபமே இரண்டு கையையும் சேர்த்துத் தட்டியது. விட்கோம் நாற்காலியை விட்டுவிட்டுத் தட்டினார். ஆர்லோவின் கண்ணில் நீர் முட்டியது. ஒரு சீமாட்டி முத்து மாலை குலுங்க மேடைக்கே வந்துவிட்டாள்.

"ரொம்பப் பிரமாதம் மிஸ்டர் டெட்மர்! எல்லாக் குழுவும் ஒரு மட்டமான பாட்டு வாசிச்சு எங்களைத் துரத்துமே, கோட்டை எடு, விளக்கைக் குறைன்னு, அதெல்லாம் ஒரு பாட்டா? நீங்க எழுதினதுதான் பாட்டு. அந்த மட்டமானதை யார் எழுதித் தொலைச்சது?"

ஆர்லோ வயலினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"யாரோ அயோவாக்காரன் மேடம்" என்றான் பிங்க்கி.

ஆர்லோவுக்கு அதற்கு மேல் அதிர்ச்சி அடைய நேரம் கிடைக்கவில்லை. பின்பக்கத்துக் கதவு திறந்தது. வேலைப் பாட்டுக் கேட்ட ஸ்டேசியாவும் அவள் கூட்டமும், வாளியும் கட்டையுமாக, கைதட்டிக்கொண்டிருந்த முத்து மாலைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்தார்கள். விட்கோம் தட்டின கை தட்டினபடி நின்றது. மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு இவங்கெல்லாம்?" என்று ஸ்டேசியா சுற்றிலும் பார்த்தாள். "இன்னும் போகலையா? சரி சரி." வாளியைக் கீழே வைத்தாள். முறுக்கிப் பிழிந்த ஈரத்துணியைச் சீமாட்டியின் வெள்ளிச் செருப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

"காலைத் தூக்கும்மா."

சீமாட்டி தூக்கினாள்.